மேட்டுப் பாலையில் காய்கறித் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

வெயிலும் வறட்சியும் நமக்குப் புதிதா என்ன, பிறகு ஏன் இங்கே எதைப் போட்டாலும் வர மாட்டேன் என்கிறது? இந்த மாதம் வந்த தோட்டக் கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, நெவாடா, ஓரிகன் பக்கத்துத் தமிழர்கள் எழுதியவை. கேட்ட விதம் வேறு வேறு, கேள்வி இதுதான். ஊரின் உயரத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி 5,300 அடி, சாண்டா ஃபே 7,000 அடி. கொடைக்கானல் உயரம் இருக்கும், ஆனால் ராமநாதபுரத்தில் பெய்வதில் பாதி மழைகூட இருக்காது. பகலில் வெயில் பொசுக்கும், அதே நாள் இரவில் போர்வை தேட வேண்டியிருக்கும். நானும் இந்த மண்ணைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்தத் தடவை பதில்கள் கொஞ்சம் நீளமாகவே போகும்.

கேள்வி: அக்கா, வீடு வாங்கியதும் ஆசை ஆசையாகப் பலகை அடித்து இரண்டடி உயரத்துக்கு மேடைப் பாத்தி போட்டோம், கடையில் நல்ல மண் வாங்கிக் கொட்டினோம். தினமும் காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன், ஆனாலும் மதியம் தக்காளி துவண்டு போகிறது. பூ நிறையப் பூத்துக் கொட்டிவிடுகிறது. காய்த்த நாலு காயும் அடியில் கறுத்துப் போயின. எங்கே தப்பு?
— ஒரு வாசகி, ஆல்புகர்க்கி

பதில்: தப்பு உங்கள் கையில் இல்லை, அந்த மேடையில் இருக்கிறது. மேடைப் பாத்தி மழை அதிகமான, தண்ணீர் தேங்கும் ஊருக்கு ஏற்ற ஏற்பாடு. வீடியோக்களில் காட்டுகிறவர்கள் அநேகமாக அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான். இங்கே ஆண்டு முழுக்கச் சேர்த்து 9 அங்குலம் மழை பெய்தால் பெரிது, அதோடு வசந்தத்தில் அடிக்கிற காற்று இருக்கிறதே, அது மேடையின் நாலு பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். இந்த நிலத்தில் தோட்டம் கீழே இறங்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. இது நான் கண்டுபிடித்தது இல்லை. நியூ மெக்சிகோவின் மேற்குப் பகுதியில் இருக்கிற ஸூனி பழங்குடி மக்கள் சின்னச் சின்னச் சதுரக் குழிப் பாத்திகளாகத் தோண்டி, சுற்றிலும் களிமண்ணால் வரப்பு எடுத்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி விளைவித்தவர்கள். மேலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். நம் ஊரில் கீரைக்குப் பாத்தி கட்டுகிறோமே, அதே வேலைதான், இன்னும் கொஞ்சம் ஆழமாக. லடாக்கில்கூட நிலத்தில் குழி வெட்டி மேலே பாலித்தீன் போர்த்தி, நடுக் குளிர்காலத்தில் அதற்குள் கீரை எடுக்கிறார்கள். உயரமும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் எங்கேயும் மனிதர்கள் கீழே இறங்கித்தான் பிழைத்திருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த பருவத்துக்கு, தரையில் ஆறு எட்டு அங்குலம் தோண்டி, எடுத்த மண்ணையே சுற்றி வரப்பாகக் கட்டி, உள்ளே மட்கு கலந்துவிடுங்கள். தோண்டும்போது வெள்ளையாகக் கடப்பாரைக்கு ‘ணங்’கென்று ஒரு அடுக்கு தட்டினால் அது சுக்கான் கல், இங்கே கலீச்சி என்பார்கள். அதை உடைத்து எடுக்க வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும், அதன் மேல் பாத்தி போட்டால் வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. நட்ட பிறகு வைக்கோல் மூடாக்கு மூன்று அங்குலமாவது போடுங்கள். மூடாக்கு இல்லாத தோட்டம் இந்த ஊரில் தோட்டமே இல்லை என்பேன்.

தண்ணீரைத் தினமும் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்துங்கள். மேலாக நனைத்தால் வேர் மேலேயே நிற்கும், மதிய வெயிலில் அதுதான் முதலில் சாகும். சொட்டுநீர்க் குழாய் போட்டு நீண்ட நேரம் விடுங்கள், பிறகு விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டும் அடுத்த தண்ணீர். மெருகு பூசாத மண்பானையை கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைக்கிற பழைய முறையும் இங்கே அருமையாக வேலை செய்கிறது, பானையைச் சுற்றி வேர் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். காய் அடி கறுப்பதும் இதனால்தான். சுண்ணாம்புச் சத்து நம் மண்ணில் கொட்டிக் கிடக்கிறது, ஈரம் ஏறி இறங்கினால் செடியால் அதைக் காய்க்குக் கொண்டு சேர்க்க முடிவதில்லை. யாரோ சொன்னார்கள் என்று முட்டை ஓட்டைப் பொடித்துப் போடாதீர்கள், அடுப்புச் சாம்பலையும் போடாதீர்கள். ஏற்கெனவே காரத்தன்மை கொண்ட மண் அது, சாம்பல் இன்னும் கெடுக்கும்.

பூ கொட்டுவது வேறு விஷயம். பகல் வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் (35 செல்சியஸ்) தாண்டினாலோ, இரவு 55-க்குக் (13 செல்சியஸ்) கீழே போனாலோ தக்காளிப் பூ பிடிக்காது, ஜூனில் இந்த ஊரில் முதல் தொல்லை கட்டாயம் வரும். பிற்பகல் வெயில் விழுகிற மேற்குப் பக்கம் மட்டும் 30 முதல் 40 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஜூலையில் மழை தொடங்கியதும் காய் பிடிக்க ஆரம்பிக்கும், அதுவரை செடியை உயிரோடும் தெம்போடும் வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. மேடையை வீணாக்க வேண்டாம், கொத்தமல்லி, வெந்தயக்கீரை மாதிரி மார்ச்சிலும் செப்டம்பரிலும் போடுகிற குளிர்காலச் சாமான்களுக்கு அது போதும்.

கேள்வி: நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஐம்பது வருடமாக விவசாயம் பார்த்தவன். சாண்டா ஃபேயில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன். மே கடைசியில் பந்தல் அவரையும் பீர்க்கும் போட்டேன். கொடி கூரை ஏறிவிட்டது, இலை அத்தனை செழிப்பு. செப்டம்பர் பிறந்தும் ஒரு பூ இல்லை. போன வருடம் மகள் போட்டபோதும் இதே கதை, அக்டோபர் பனியில் எல்லாம் கருகிவிட்டதாம். உரம் அதிகமாகிவிட்டதோ?
— ஒரு வாசகர், சாண்டா ஃபே

பதில்: ஐயா, உங்கள் அனுபவத்துக்கு நான் பாடம் சொல்ல முடியாது, ஆனால் இதில் உரத்தின் மேல் பழி போட வேண்டாம். நம் பழைய ரக அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். நம் ஊரில் அவரையும் மொச்சையும் மார்கழி, தையில் குவிவதும், பொங்கல் குழம்பில் மொச்சை விழுவதும் அதனால்தான். திருநெல்வேலியில் வருடத்திலேயே நீளமான பகல் சுமார் 12 மணி 40 நிமிடம், அவ்வளவுதான். சாண்டா ஃபேயில் ஜூன் கடைசியில் பகல் பதினான்கரை மணி நேரம் நீளும், செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் 12 மணிக்கு இறங்கும். இப்போது கொடிக்கு ‘சரி, பூக்கலாம்’ என்று தோன்றுகிற வேளையில் அக்டோபர் தொடக்கத்து உறைபனி வந்து நிற்கிறது. பீர்க்கும் அதே சாதிதான், குறும்பகல் பயிர்.

நீங்கள் சொல்லியிருக்காவிட்டாலும் ஒன்று மனதில் ஓடியிருக்கும், ஆடிப்பட்டத்தில் போட்டிருக்கலாமோ என்று. இங்கே அது சரிப்படாது ஐயா. ஆடி பிறக்கிறபோது மழை வருவது உண்மை, ஆனால் அதிலிருந்து பனி விழ பதினோரு பன்னிரண்டு வாரம்தான் இருக்கும். நம் கணக்கில் இங்கே ஒரே பட்டம், மே நடுவில் கடைசிப் பனி போனதிலிருந்து அக்டோபர் முதல் பனி வரை. அதற்குள் முடிகிற பயிரைத்தான் தேட வேண்டும்.

அவரைதான் வேண்டும் என்றால் பகல் நீளத்தைப் பார்க்காத செடி அவரை ரகங்கள் இருக்கின்றன. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் இரண்டும் அந்த வகை, குட்டையாக நின்று சீக்கிரம் காய்க்கும். ஆனால் விதையை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அமெரிக்க வேளாண் துறையின் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், விமான நிலையத்தில் சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் போடலாம். இங்கேயே கிடைக்கிற நீளத் தட்டைக்காய், கொத்தவரை, வெள்ளரி இவை பெரும்பாலும் பகல் நீளத்துக்காகக் காத்திருப்பதில்லை. கொத்தவரைக்கு வெயிலும் வறட்சியும் பிடித்த விஷயம், சாண்டா ஃபேயில் இரவுக் குளிர்தான் அதற்குக் கொஞ்சம் எதிரி, தெற்குச் சுவர் ஓரமாகப் போட்டால் சுவரில் ஏறின சூடு ராத்திரியில் காப்பாற்றும்.

இந்த வருடக் கொடியைப் பிடுங்க வேண்டாம். பூ வந்தவுடன் பனி எச்சரிக்கை வருகிற இரவுகளில் பழைய போர்வையால் மூடிப் பாருங்கள். அக்டோபரில் முதல் பனிக்குப் பிறகு நல்ல வெயில் நாட்கள் தொடர்ந்து வருவது இந்தப் பக்கத்தில் வழக்கம், இரண்டு மூன்று இரவைத் தாண்டினால் ஒரு கூட்டுக்காவது காய் கிடைக்கும்.

கேள்வி: ஜூன் நடுவில் பத்துத் தக்காளியில் மூன்று மட்டும் வளர்ச்சி நின்று, இலை மேல்நோக்கிச் சுருண்டு தடித்துவிட்டது, இலை நரம்பு ஊதாவாக இருக்கிறது. வேப்பெண்ணெய் அடித்தேன், குணமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வைரஸ் என்கிறார், பிடுங்கச் சொல்கிறார். மனசு வரவில்லை.
— ரியோ ரான்ச்சோ வாசகர்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி, தம்பி. ஊதா நரம்பும் வளர்ச்சி நிற்பதும் சேர்ந்து வந்தால் அது நுனிச்சுருள் வைரஸ்தான், இங்கே கர்லி டாப் என்பார்கள். பீட்ரூட் தத்துப்பூச்சி என்ற பூச்சி கொண்டுவருகிறது. குளிர்காலத்தில் காலி மனைகளில் முளைக்கிற கடுகுக் குடும்பக் களையில் அது தங்கியிருக்கும், மே, ஜூனில் களை காய்ந்ததும் பறந்து தோட்டத்துக்கு வரும். தக்காளி அதற்குப் பிடிக்கவே பிடிக்காது, ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த ஒரு வாயிலேயே நோய் ஏறிவிடுகிறது, அதனால் மருந்து அடித்துப் பயனில்லை, வேப்பெண்ணெய் உட்பட.

வெறும் சூட்டில் அடி இலைகள் சுருளுவது வேறு. அதில் இலை பச்சையாகவே இருக்கும், செடி வளர்ந்துகொண்டே போகும், அதை விட்டுவிடலாம். உங்களுடைய மூன்றையும் எடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் நாற்றை நட்டதும் மெல்லிய வெள்ளைத் துணியால் முழுக்க மூடி, பூக்கும் வரை வைத்திருங்கள். வெயிலில் தனியாக நிற்கிற செடியைத்தான் இந்தப் பூச்சி அதிகம் தேடும், ஆகவே நெருக்கமாக நட்டு நிழல்வலையும் கட்டினால் பாதிப்பு குறையும். தேவைக்கு மேல் நாலு செடி சேர்த்து வைப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம், பூச்சிக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். முந்தைய இலையுதிர் காலத்தில் நல்ல மழை பெய்திருந்தால் களை அதிகம் முளைத்திருக்கும், அந்த வருடம் கூடுதல் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: அம்மா நினைவாகக் குண்டுமல்லி ஒரு தொட்டியிலும் கறிவேப்பிலை ஒன்றிலும் வளர்க்கிறேன். இரண்டிலும் புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வருகிறது. மல்லி மொட்டே வைக்கவில்லை. உரம் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.
— ஒரு வாசகி, ரீனோ, நெவாடா

பதில்: நரம்பு பச்சை, இடையில் மஞ்சள், அதுவும் புது இலையில் என்றால் இரும்புச்சத்துக் குறைபாடு. உரத்தை முதலில் நிறுத்துங்கள் சகோதரி. இந்தப் பகுதிகளில் பல இடங்களில் குழாய்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும், அதை ஊற்ற ஊற்றத் தொட்டி மண் காரமாகிறது. இரும்பு மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாத நிலைக்குப் போய்விடும். ஊரில் அன்னபேதி போடுவோம். காரமான மண்ணில் அதுவும் சீக்கிரமே கரையாமல் போய்விடும். கடையில் ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று அட்டையில் எழுதின இரும்பு உரத்தைப் பார்த்து வாங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் இந்த மண்ணில் வேலை செய்வது அதுதான். தொட்டி மண்ணையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். பனிக்காலத்தில் முற்றத்துச் சுத்தமான பனியை வாளியில் அள்ளி வீட்டுக்குள் உருக விட்டால், அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது (சாலையோரப் பனி வேண்டாம், உப்புத் தூவியிருப்பார்கள்).

மொட்டுக்கு வெயில் வேண்டும், குறைந்தது ஆறு மணி நேரம். பிப்ரவரியில் கிளைகளைப் பாதியாகக் கழித்துவிடுங்கள், மல்லி புதுத் துளிரில்தான் பூக்கும். ரீனோவில் பீவைன் மலையில் பனி முழுக்கப் போகும் வரை தக்காளி நடாதே என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள், உங்கள் மல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் அதே கணக்கு. வெளியே கொண்டுவரும்போது நேரடியாக வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் நிழலில் பழக்குங்கள், இந்த உயரத்து வெயில் வீட்டுக்குள் இருந்த இலையை ஒரே பகலில் வெளுக்க வைத்துவிடும். இரவு 50 டிகிரிக்குக் (10 செல்சியஸ்) கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே. குளிர்காலத்தில் கறிவேப்பிலை இலை உதிர்த்தால் பயப்படாதீர்கள், தண்ணீரைக் குறையுங்கள், மார்ச்சில் துளிர்க்கும்.

கேள்வி: நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த வருடம் எங்கள் வெண்டை ஆளுயரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிறோம். வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வீடு. செண்டுமல்லியும் போட்டேன், ஆகஸ்டிலேயே பூத்துத் தள்ளிவிட்டது, தீபாவளிக்கு மாலை கட்ட மிஞ்சாது போலிருக்கிறது. எப்போது விதைத்தால் சரியாக வரும்?
— ஆல்புகர்க்கி சவுத் வேலி வாசகி

பதில்: வாசிக்கவே சந்தோஷமாக இருந்தது! வெண்டைக்கு நீங்கள் கொடுத்து வைத்தவர், மண் சூடேறும் முன் அவசரப்பட்டுப் போடாமல் மே கடைசி வரை பொறுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதில்தான் பலர் தோற்கிறார்கள். அசெகியா வாய்க்கால் வீடு என்பது இன்னொரு பாக்கியம். ஸ்பானியர்கள் வந்த காலத்திலிருந்து ஊரார் கூடிக் காத்துவரும் வாய்க்கால் அது, பங்குதாரர்கள் சேர்ந்து ஒவ்வொரு வசந்தத்திலும் தூர் வாருவார்கள், தண்ணீர் முறை வைக்க மயோர்தோமோ என்று ஒருவர் இருப்பார். நம் குடிமராமத்தும் நீர்க்கட்டியும் அப்படியே. தூர் வாருகிற நாளில் மண்வெட்டியோடு நீங்களும் போங்கள், அந்தத் தாத்தா பாட்டிகளிடம் கிடைக்கிற தோட்ட அறிவு எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காது.

செண்டுமல்லியை ஜூன் நடுவில் இரண்டாவது தடவையாக விதையுங்கள், அக்டோபரில் உச்சத்துக்கு வரும். உங்கள் பகுதியிலேயே நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாளுக்கு இதே பூவைக் குவிக்கிறார்கள், அவர்களும் அந்தக் கணக்கில்தான் போடுகிறார்கள். இப்போது இருக்கும் செடிகளில் வாடின பூவை உடனுக்குடன் கிள்ளுங்கள், இன்னொரு சுற்று பூக்கும். அக்டோபர் கடைசியில் பனி எச்சரிக்கை வந்தால் பூவை முதல் நாள் மாலையே பறித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: வாசலில் கல்லிடுக்கில் பருப்புக்கீரை மாதிரி ஒன்று தானாக முளைக்கிறது. கடையலாமா?
— லாஸ் லூனாஸ் வாசகர்

பதில்: அதுவாகவே இருக்கலாம், இங்குள்ளவர்கள் அதை வெர்டோலகாஸ் என்று சமைக்கிறார்கள். ஆனால் தரையோடு படர்கிற இன்னொரு களை அதே இடுக்கில் அதே மாதிரி முளைக்கும். தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் தொடாதீர்கள், அது விஷம். பால் இல்லாமல், இலை சதைப்பற்றாக வழவழவென்று, தண்டு சிவந்து உருண்டு இருந்தால் பருப்புக்கீரை. களைக்கொல்லி அடித்த இடமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன ஜூலையில் ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் கத்தரியும் மிளகாயும் கருகிக் கிடந்தன. ஜூலையில் பனியா? இந்த ஊரில் தோட்டம் போடுவதை விட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், பெண்ட், ஓரிகன்

பதில்: விட வேண்டாம், பயிரை மாற்றுங்கள். பெண்டில் எந்த மாதத்திலும் உறைபனி விழலாம், காற்றில் ஈரம் இல்லாததால் சூரியன் இறங்கியதும் தரைச் சூடு அப்படியே வானத்துக்குப் போய்விடுகிறது. கத்தரி, மிளகாய், வெண்டை மேல் ஆசை இருந்தால் தொட்டியில் இரண்டிரண்டு வைத்து இரவில் கொட்டகைக்குள் இழுத்துவிடுங்கள். தக்காளிக்கு, குழாய் குழாயாகத் தண்ணீர் நிரப்பி வட்டமாக நிற்க வைக்கிற பிளாஸ்டிக் உறை கிடைக்கிறது, பகல் சூட்டைத் தண்ணீர் பிடித்து வைத்து இரவில் திருப்பிக் கொடுக்கும், ஸ்டுபிஸ் மாதிரிச் சீக்கிரம் காய்க்கிற ரகமாக எடுங்கள். ஆனால் உங்கள் மண் உண்மையில் கேட்பது நம் சந்தையில் இங்கிலீஷ் காய்கறி என்று விற்கிறார்களே, அவற்றைத்தான். முட்டைக்கோஸ், நூக்கல், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பச்சைப் பட்டாணி எல்லாம் லேசான பனியைத் தாங்கும், இரவுக் குளிரில் கேரட்டும் பட்டாணியும் இனிப்பேறும். பட்டாணியை ஏப்ரலிலேயே போட்டுவிடலாம், கடைசிப் பனிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.